பதினோரு வயதுக்கான விலை

நெப்ராஸ்காவில் கடல் இல்லை.
ஆனாலும் எண்பதாம் நெடுஞ்சாலை இறக்கத்தில்,
டயர் கடைக்கும் பூட்டிக் கிடக்கும் வங்கிக்கும் நடுவே
'ஹாப்பி ஹார்பர்' என்றொரு துறைமுகம்.
வேண்டிய மட்டும் உண்ணலாம்.

கோரினுக்கு இது நூற்றுப் பன்னிரண்டு மைல்,
எனக்கு நூற்றுப் பதினைந்து.
சரிபாதி எங்கே என்று வக்கீல்கள்
வரைபடத்தில் விரலை வைத்தபோது
விரலுக்கடியில் இது இருந்தது.
வெள்ளி மாலை வாங்கிக்கொள்வேன்.
ஞாயிறு மாலை திருப்பிக் கொடுப்பேன்.

கல்லாவில் சியூலான்.
பெயர்ப்பட்டையில் 'லிண்டா'.
விலைப்பலகை சொல்கிறது:
மூன்று வயதுக்குள் இலவசம்.
பத்து வரை எட்டு டாலர்.
அதற்கு மேல் எல்லோரும் பெரியவர்கள், பதினைந்து.

"எத்தனை வயது?"

"பத்து" என்றேன்.

பழக்கமா, ஏழு டாலரா,
இன்றைக்கும் எனக்குத் தெரியாது.
அக்டோபர் கடைசி. சோளம் அறுத்தாயிற்று.
வயலைச் சுற்றி வட்டமாய் நீர் தெளிக்கும் இயந்திரங்களை
இனி ஏப்ரல் வரை
பழுது பார்க்க ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்.

மார்னி திருத்தவில்லை.
மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
சியூலானின் தோளுக்குப் பின்னால்
சுவரில் ஒட்டிய படங்களின் வரிசையில் கடைசியாக,
காகிதக் குல்லாயோடு என் மகள்.
முன்னால், ஆரஞ்சுச் சுளையில் குத்திய மெழுகுவத்தி.
கீழே பேனாவில்: 11.

வெள்ளிக்கிழமை.
ஒரு கியர்பெட்டி கழல மறுத்து
நான் இரண்டு மணி நேரம் பிந்தி வந்தேன்.
அவள் காரில் தூங்கிக்கொண்டிருந்தாள்.
கோரின் கையைக் கட்டிக்கொண்டு வெளியே நின்றாள்.
உள்ளே சமையலறை ஆட்கள் வரிசையாய் நின்று
கரண்டியால் தட்டைத் தட்டிப் பாடியதை
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

சியூலான் விசையை அழுத்தினாள்.
எட்டு டாலர்.
ரசீதை, எழுத்து உள்ளே போகும்படி மடித்து
என் கையில் வைத்தாள்.

பிறகு சாப்பிட்டோம். வேறென்ன செய்ய?
பரிமாற ஆளில்லாத பந்தி.
அவரவர் கையே அவரவர்க்கு உபசாரம்.
விளக்குச் சூட்டில் எள் தூவிய கோழி,
நண்டு என்ற பெயரில் வேறெதுவோ,
நூடுல்ஸுக்குப் பக்கத்திலேயே கூச்சமில்லாமல் பீட்சா.
தேவாலயத்திலிருந்து வந்த ஒரு குடும்பம்
தலை குனிந்து ஜெபித்தது.
அவர்கள் பையன் அதற்குள் மூன்றாவது வடையளவு டோனட்டில் இருந்தான்.

சிவப்பு ஜெல்லியைத் தவிர
எதையும் தொடாத பெண் மார்னி.
இன்று தட்டு நிறையச் சிப்பிகளோடு வந்தாள்.
"எப்போதிலிருந்து?"
தோளைக் குலுக்கினாள்.

மூலை மேசையில் சமையல்காரர்கள் சாப்பிட்டார்கள்.
முழு மீன் ஒன்று, வெள்ளைச் சோறு, எனக்குப் பெயர் தெரியாத கீரை.
எங்களுக்கு வைத்த எதுவும் அவர்கள் மேசையில் இல்லை.

கதவருகே இன்னொரு பலகை:
இங்கிருந்து எதையும்
வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது.

ஆறு மணி.
கோரின் உள்ளே வருவதில்லை.
முன்விளக்கை இரண்டு முறை அணைத்து ஏற்றுவாள்.
மார்னி என்னைக் கட்டிக்கொண்டபோது
சட்டைப்பையில் எதையோ திணித்தாள்.
சியூலான் சட்டென்று மீன்தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்,
அந்த மீன் அப்போதுதான்
அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல.

நாற்பது மைல் தாண்டி வண்டியை ஓரங்கட்டினேன்.
காகிதத் துண்டில் பொரித்த எள்ளுருண்டை ஒன்று,
நசுங்கி, உள்ளிருந்த பயறு வெளியே எட்டிப் பார்க்க.
ஏதாவது எழுதியிருப்பாள் என்று
காகிதத்தை விரித்தேன்.
எண்ணெய்தான்.

தின்றேன். லாரிகள் கடந்து போயின.

வண்டியின் சில்லறைக் குழியில்
ஏழு டாலர் தனியாகக் கிடக்கிறது.
என்ன சொல்லிக் கொடுப்பது என்றுதான்
இன்னும் வாயில் வரவில்லை.